ஆறாம் பக்கத்தில் கப்பல் வரும்

ஆகஸ்ட் 11, திங்கள்

பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெனசீர் ஒரு நோட்டுப் போட்டு எழுதச் சொன்னாள். அவர் தினமும் என்ன சத்தம் எழுப்பினார், எதற்குத் தலையாட்டினார், எதற்குக் கோபப்பட்டார், எல்லாம் எழுத வேண்டுமாம். முப்பத்தோரு வருஷம் பெண்கள் பள்ளியில் பாட்டு டீச்சராக இருந்தவளுக்குப் பாடக்குறிப்பு எழுதுவது புதிதில்லை. அங்கே எழுதியதில் பாதி பொய். இதில் உள்ளதை உள்ளபடி எழுதுவேன்.

பெயர் தெய்வசிகாமணி. வயது அறுபத்தெட்டு. நூற்பாலை இயந்திரம் செய்யும் கம்பெனியில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். என் வீட்டுக்காரர். ஜூன் பத்தாம் தேதி மூளையில் ரத்தம் அடைத்து மாடி அறையில் விழுந்துவிட்டார். வலது கை வராது. வலது காலை இழுத்து இழுத்து நடக்கிறார். காது கேட்கிறது. நாம் சொல்வது புரிகிறது. பேச்சு மட்டும் போய்விட்டது. ஒரே ஒரு சொல் மிச்சம். "சரி."

காப்பி வேணுங்களா? சரி. வேண்டாமா? சரி. வலிக்குதா? சரி. முகம் இல்லை என்கிறது, வாய் சரி என்கிறது.

பக்கத்து வீட்டுப் பூங்கோதை, "எல்லாத்துக்கும் சரீங்கற புருசன் யாருக்குக்கா கெடைக்கும்? கொடுத்து வெச்சவங்க நீங்க" என்றாள். நானும் சிரித்தேன். அவள் போன பிறகு குளியலறையில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன்.

ஆகஸ்ட் 12

இட்லி இரண்டு. இடது கையாலேயே சாப்பிட்டார். சட்னி சட்டை முழுக்க. தையற்காரரிடம் கொடுத்திருந்த நாலு சட்டையும் வந்துவிட்டது. பட்டனை எடுத்துவிட்டு ஒட்டும் பட்டை வைத்துத் தைத்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் பரிசோதனை. விழுந்தது எத்தனை மணிக்கு என்று புது டாக்டர் மறுபடி கேட்டார். பன்னிரண்டரைக்குப் பார்த்தேன் என்றேன். அது உண்மை.

ஆகஸ்ட் 14, வியாழன்

பெனசீருக்கு இருபத்தாறு வயதுதான் இருக்கும். உக்கடத்திலிருந்து ஸ்கூட்டரில் வருகிறாள். வரும்போதே பேசிக்கொண்டு வருவாள், போகும்போதும் பேசிக்கொண்டே போவாள். பேச்சு வராதவர் வீட்டுக்கு இப்படி ஒரு பெண் வருவது நல்லதுதான்.

இன்று சொன்னாள்: "பேச வராதவங்க கொஞ்சப் பேருக்குப் பாட வரும் மேடம். பேச்சு ஒரு வழி, பாட்டு வேற வழி. பாட்டுல ஏத்தி வார்த்தைய வெளிய கொண்டு வந்துட்டா, அப்புறம் மெல்ல பாட்ட எடுத்துடலாம். எல்லாருக்கும் வரும்னு சொல்ல மாட்டேன். ஆனா இந்த மாசங்க முக்கியம். சாருக்கு என்ன பாட்டுப் புடிக்கும்?"

"பாட்டு டீச்சர் வீட்டுக்கு வந்து இதக் கேக்கறயா?" என்றேன்.

மோகன ராகத்தில் ஆரம்பித்தேன். ஐந்தே சுரம், குழந்தைகளும் பிடித்துக்கொள்ளும் ராகம். அதில் "தண்ணி வேணும்" என்று போட்டு, அவருடைய இடது கையைப் பிடித்துத் தட்டிக்கொண்டே பாடினேன். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 17

மோகனம். கல்யாணி. ஆனந்தபைரவி. மின்விசிறி. மின்விசிறி. மின்விசிறி.

ஆகஸ்ட் 18, திங்கள்

பெனசீர் என்னை அடுப்படிக்குக் கூட்டிப்போய் மெதுவாகக் கேட்டாள். "மேடம், இது உங்களுக்குப் புடிச்ச பாட்டு. நான் கேட்டது சாருக்குப் புடிச்ச பாட்டு."

வேறு வழியில்லாமல் சொன்னேன். எண்பத்தெட்டில் கம்பெனி இவரை இயந்திரம் பழகிவர ஆறு மாதம் இத்தாலிக்கு அனுப்பியது. ஊரில் எல்லோரும் சென்ட்டும் கேமராவும் கொண்டு வருவார்கள் என்றால், இவர் பதினோரு பெட்டி இசைத்தட்டோடு வந்து இறங்கினார். எல்லாம் நானூறு வருஷப் பழைய பாட்டு நாடகம். ஓபரா என்று ஒன்று உலகத்தில் பிறந்த புதிதில் உண்டானவை. அதையும் இப்போதைய வாத்தியத்தில் வாசித்தால் இவருக்கு ஆகாது. அந்தக் காலத்து வாத்தியங்களையே, நரம்பு கட்டி, அந்தக் காலத்து முறையில் வாசித்த பதிவாகத்தான் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியானால் மாடி அறையில் ஆரம்பித்துவிடுவார். பணி ஓய்வுக்குப் பிறகு எல்லா நாளும் ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று.

எனக்கு அது சுத்தமாகப் பிடிக்காது. சம்மணமிட்டு உட்கார்ந்து சுருதி சேர்த்துப் பாடி வளர்ந்தவள் நான். அஞ்சறைப் பெட்டியில் கரண்டி விழுந்த மாதிரி ஒரு வாத்தியம் கலகலக்க, ஒரு பெண்பிள்ளை தொண்டை நரம்பு தெரிய ஒப்பாரி வைப்பதை முப்பத்தேழு வருஷம் கீழேயிருந்து கேட்டிருக்கிறேன். ஒரு நாளும் மாடிக்குப் போய் உட்கார்ந்து கேட்டதில்லை.

"அதப் போடுங்க மேடம்" என்றாள் பெனசீர், எழுந்து நின்றுகொண்டே.

ஆகஸ்ட் 19

ஜூன் பத்துக்குப் பிறகு மாடிக்கு நான் போகவில்லை. முழங்கால் வலி. இன்று போனேன். விளக்கு எரியவில்லை. கீழே இறங்கி, படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் மீட்டர் பலகையில் மாடிக்கான ஸ்விட்சைப் போட்டுவிட்டு மறுபடி ஏறினேன்.

அறை முழுக்கத் தூசி. அவர் நாற்காலி சாய்ந்து கிடந்தது, தூக்கி நிறுத்தினேன். அன்று அவரைத் தூக்கிப்போனவர்கள் கால் பட்டோ என்னவோ, ரிகார்டு பிளேயரின் பிளக் கழன்று கிடந்தது; முள் தட்டின் பாதியிலேயே உட்கார்ந்திருந்தது. எடுத்து அதன் இடத்தில் வைத்தேன். பச்சைப் பெட்டியைச் சேர்ந்த தட்டு, நாலாம் பக்கம்.

பெட்டிக்குள் இவர் கையெழுத்தில் ஒரு தாள். மூன்று தட்டின் ஆறு பக்கத்துக்கும் கதைச் சுருக்கம். எஞ்சினியர் எழுதினால் எப்படி இருக்கும்?

பக்கம் 1: ராணி புருஷனின் கப்பலை வழியனுப்புகிறாள்.
பக்கம் 2: புயல்.
பக்கம் 3: அவன் வரமாட்டான் என்கிறார்கள்.
பக்கம் 4: அழுகிறாள்.
பக்கம் 5: இன்னும் அழுகிறாள்.
பக்கம் 6: கப்பல் வருகிறது.

கப்பல் வரும் என்று எனக்கு இத்தனை வருஷமும் தெரியாது. நாலாம் பக்கத்துக்கு மேல் நான் விட்டதில்லை. இவர் சொல்லியிருப்பார், நான்தான் காதில் வாங்கியிருக்க மாட்டேன்.

பூங்கோதையை ஒரு கை பிடிக்கச் சொல்லி எல்லாவற்றையும் கீழே கூடத்துக்குக் கொண்டுவந்தேன். முதல் பக்கத்தைப் போட்டு, கூடவே ஆர்மோனியத்தில் சுருதி பார்த்தேன். சேரவில்லை. ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவில் எங்கோ கீழே நிற்கிறது. எனக்குக் காது பொய் சொல்லாது. மோட்டார் தளர்ந்து தட்டு மெதுவாகச் சுற்றுகிறது, அதனால்தான் இந்த இழவு ஓசை. சரி செய்துவிட்டுத்தான் அவருக்குப் போட வேண்டும்.

ஆகஸ்ட் 23, சனி

டவுன்ஹால் பக்கத்திலிருந்து ஆரோக்கியம் என்ற மெக்கானிக் வந்தார். ரேடியோ காலத்து ஆள். பிளேயரைக் கவிழ்த்து மோட்டாரைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானுங்கம்மா ஓடுது" என்றார். நான் ஆர்மோனியத்தை வாசித்துக் காட்டினேன். கட்டையோடு சேரும்வரை திருகாணியைத் திருகச் சொன்னேன். தலையைச் சொறிந்துகொண்டு திருகினார்.

கிளம்பும்போது நாலாம் பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, "இந்த எடத்துல முள்ளு ரொம்ப நாளு உக்காந்திருந்துருக்குதுங்க. தடம் பதிஞ்சிருக்கு. இனி இங்க வந்தா டக்குனு ஒரு சத்தம் வரும். பாட்டு ஓடறப்பவே கரண்டு போச்சுங்களா?" என்றார்.

ஆமாம், கரண்ட் போய்விட்டது என்றேன்.

ஆகஸ்ட் 24

அவரைக் கூடத்தில் உட்காரவைத்துப் போட்டேன். தட்டு சுற்ற ஆரம்பித்ததும் முகம் மலர்ந்தது. பாட்டு வந்ததும் சுருங்கியது. இடது கையால் நாற்காலிக் கையைப் படபடவென்று அடித்தார். "சரி! சரி! சரி!" என்று கத்தினார். கண்ணில் தண்ணீர். நான் பயந்துபோய் நிறுத்திவிட்டேன்.

இந்தப் பாட்டைக் கேட்டால் விழுந்த நாள் ஞாபகம் வருகிறது போல. இனி போட வேண்டாம். பெனசீரிடம் சொல்லிவிடலாம்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. பூரணம் பதமாக வந்தது. பூங்கோதைக்கு எட்டு கொழுக்கட்டை கொடுத்தேன். இவர் நாலு சாப்பிட்டார்.

மத்தியானம் இலையை எடுக்கக் குனிந்த என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். பச்சைப் பெட்டியைக் காட்டினார். நான் கதைச் சுருக்கத்தை எடுத்து நீட்டினேன். "சரி" என்று தலையை அப்படியும் இப்படியும் ஆட்டினார். பெட்டியைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு, ஒற்றைக் கையால் அடி அட்டையைப் பெயர்த்தார். உள்ளே இன்னொரு துண்டுத் தாள். 1994 என்று போட்டிருந்தது. அப்படியே எழுதுகிறேன்:

"நாயகி, மோட்டார் மெதுவாக ஓடவில்லை. விளக்கு வைத்து வேகத்தைச் சோதித்துவிட்டேன். அந்தக் காலத்து வாத்தியம், அந்தக் காலத்துச் சுருதி. நம் ஆர்மோனியக் கட்டைக்குள் அடங்காது. திருகாணியைத் தொடாதே. தம்பூராவைச் சேர்த்து வைத்துக் கேட்டுப் பார். ஆர்மோனியத்தோடு வேண்டாம்."

சௌந்தரநாயகி என்ற என் பெயரை நாயகி என்று சுருக்கிக் கூப்பிடுவது இவர் ஒருவர்தான். அதைத் தாளில் பார்த்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தேன். தொண்ணூற்று நாலில் ஒரு சண்டை ஞாபகம் இருக்கிறது. உங்கள் மெஷின் மெதுவாக ஓடுகிறது, அதுகூடத் தெரியாமல் என்ன எஞ்சினியர் என்று கேட்டேன். இவர் பதில் பேசவில்லை. எழுதி வைத்திருக்கிறார். என்றைக்காவது நான் வந்து இந்தப் பெட்டியைத் திறப்பேன் என்று நினைத்திருக்கிறார். முப்பத்தோரு வருஷம்.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வந்தது பயமில்லை. கோபம். அவருடைய பாட்டை நான் முறுக்கிக் கெடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 29

ஆரோக்கியம் மறுபடி வந்தார். சின்ன விளக்கு வைத்து வேகத்தைப் பழையபடி நிறுத்தினார். "நான் அன்னைக்கே சொன்னேனுங்களே" என்று அவர் சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மைக்காக இரண்டாவது காப்பி கொடுத்தேன்.

ஆகஸ்ட் 30, சனி

தம்பூராவுக்கு உறை எடுத்து, தந்தி மாற்றி, தட்டின் சுருதிக்கு இறக்கிச் சேர்த்தேன். பிறகு முதல் பக்கம்.

இதை எழுத எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. தம்பூராவை நன்றாகச் சேர்த்து மீட்டினால், யாரும் தொடாத ஒரு காந்தாரம், க என்கிற சுரம், தானாக உள்ளேயிருந்து எழும். அதைக் கேட்கவைக்கத்தான் எங்கள் டீச்சர் என்னை இரண்டு வருஷம் வெறுமனே மீட்ட வைத்தார். ஆர்மோனியத்தில் அந்தக் காந்தாரம் கிடையாது. அதில் இருப்பது கொஞ்சம் தூக்கலான காந்தாரம். இந்தத் தட்டில் அந்தப் பழைய வாத்தியங்கள் மூன்று சேர்ந்து ஒரு இடத்தில் நிற்கின்றன. அங்கே தம்பூராவின் காந்தாரம் அப்படியே இருக்கிறது. இவர்கள் யார், நம் காந்தாரம் இவர்களிடம் எப்படிப் போனது?

தாளமும் நான் நினைத்த மாதிரி இல்லை. விருத்தம் பாடுவது போலத்தான். வார்த்தை எங்கே இழுக்கிறதோ அங்கே இழுத்து, எங்கே ஓடுகிறதோ அங்கே ஓடி, கீழே ஒரு நீளக் கழுத்து வீணை ஒன்றிரண்டு தந்தியை மட்டும் தொட்டுக்கொண்டு காத்திருக்கிறது. பாட்டென்றும் சொல்ல முடியவில்லை, பேச்சென்றும் சொல்ல முடியவில்லை. பேசும்போது துக்கம் தாங்காமல் பேச்சே கொஞ்சம் தூக்கிக்கொண்டால் எப்படி இருக்கும், அப்படி.

தட்டு முடிகிறவரை அவர் மின்விசிறியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயித்துவிட்ட முகம்.

செப்டம்பர் 1, திங்கள்

பெனசீர் குதித்தாள். "பேச்சு மாதிரியே பாட்டா? மேடம், இதத்தான மூணு வாரமா நான் தேடிக்கிட்டிருக்கேன்!" அந்த ராணி பாடும் சின்னச் சின்ன வரிகளை எடுத்து, இத்தாலியச் சொற்களைத் தூக்கிவிட்டுத் தமிழ் போடச் சொன்னாள்.

ஆகவே பாட்டு டீச்சர் சௌந்தரநாயகி, ஓய்வு, நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து அந்த வேற்று நாட்டு ஒப்பாரிக்குச் சுரம் எழுதுகிறேன். சில இடத்தில் ச நி த ப என்று படி இறங்குகிறாள். சில இடத்தில் ஒரே ரிஷபத்தில் நின்று ஆறு சொல் பேசிவிட்டு, கடைசிச் சொல்லை மட்டும் கீழே போடுகிறாள். முள்ளை எடுத்து எடுத்து வைத்து, ஒரு வரிக்கு இருபது தடவை கேட்கிறேன். முப்பத்தேழு வருஷத்துக் கணக்கை ஒரே வாரத்தில் கேட்டு முடிப்பேன் போலிருக்கிறது.

ஆறாம் பக்கத்தை மட்டும் போடவில்லை. அவர் வாய் திறந்த பிறகுதான் அதைக் கேட்பது என்று மருதமலையைப் பார்த்துக் கும்பிட்டு வேண்டிக்கொண்டேன்.

செப்டம்பர் 3

"தண்ணி வேணும்": ரி ரி ச நி. வாய் கூடவே அசைகிறது. சத்தம் வரவில்லை. கேஸ் சிலிண்டர் வந்தது.

செப்டம்பர் 4, வியாழன்

நாலாம் பக்கம். பெனசீர் அவர் கையைத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் வாசலை ஒட்டி உட்கார்ந்து அவரைக்காய் நார் எடுத்துக்கொண்டிருந்தேன். ராணியின் குரல் ஏறிக்கொண்டே போய் உச்சத்தில் நின்று உடைகிற இடம் ஒன்று உண்டு. அந்த இடம் வந்தது. அவள் மூச்சு வாங்க நிறுத்தினாள்.

அவர் பாடினார்.

தெளிவாக, அவள் விட்ட சுரத்திலேயே எடுத்துப் பாடினார். "சத்தத்தக் கொறைங்க!"

அடுத்த நொடி தட்டில் "டக்" என்று அந்தத் தடத்தின் சத்தம்.

பெனசீர் கை தட்டினாள். சிரித்தாள். அழுதாள். "முழு வாக்கியம் மேடம்! முழு வாக்கியம்! இது எந்தப் பாட்டுல வருது?"

"அது பாட்டில்ல, பெனசீர். அது நான்."

அந்த இடம் வரும்போதெல்லாம் கீழேயிருந்து நான் கத்தினது அது. முப்பத்தேழு வருஷமும் அதே இடம், அதே கத்தல். அவருக்குள் அந்தப் பாட்டோடு என் கத்தலும் சேர்ந்தே பதிந்துவிட்டது. ராணி அழுது முடித்ததும் நாயகி கத்துவாள். அதுவரைக்கும் அவருக்கு ஒரே பாட்டு.

பெனசீர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவரும் வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தார். நான் அவரைக்காயை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

செப்டம்பர் 5

எழுத ஒன்றுமில்லை.

செப்டம்பர் 6, சனி

உள்ளதை உள்ளபடி எழுதுவேன் என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். எழுதுகிறேன்.

ஜூன் பத்தாம் தேதி கரண்ட் போகவில்லை. காலையிலிருந்து எனக்குத் தலைவலி. பதினொன்றேகால் இருக்கும், மாடியில் அந்த இடம் வந்தது. "சத்தத்தக் கொறைங்க!" என்று கத்தினேன். குறையவில்லை. எப்போதும் குறைத்துவிடுவார். இரண்டாவது தடவை கத்தினேன். அப்போதும் குறையவில்லை. படிக்கட்டுக்கு அடியில் போய் மாடிக்கான ஸ்விட்சை அணைத்துவிட்டேன்.

வீடு அமைதியாகிவிட்டது. இறங்கி வந்து சண்டை போடுவார் என்று பார்த்தேன். வரவில்லை. ரோஷம் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் எழுதுகிறேன், நிம்மதியாக இருந்தது. ரசம் வைத்தேன், அப்பளம் பொரித்தேன். பன்னிரண்டரைக்குச் சாப்பிடக் கூப்பிட்டுப் பதில் வராமல்தான் மாடிக்குப் போனேன்.

ஒன்றேகால் மணி நேரம். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். பொதுவாகத்தான் சொன்னார்.

நான் கத்தியபோதே அவர் விழுந்துகிடந்தாரா? சத்தத்தைக் குறைக்க எழுந்தபோது விழுந்தாரா? நான் அணைத்த பிறகு, பாட்டு போய்விட்ட அந்த அறையில், கூப்பிட வாய் வராமல் கிடந்தாரா? இதைச் சொல்லக்கூடிய ஒரே ஆளுக்கு ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது.

செப்டம்பர் 7

சொல்லிவிட்டேன். அவர் கட்டிலருகே தரையில் உட்கார்ந்து, ஸ்விட்சிலிருந்து அப்பளம் வரை எல்லாவற்றையும் சொன்னேன். முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

"சரி" என்றார்.

அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? காலையில் பல் தேய்த்துவிட்டபோதும் சரி என்றார். நகம் வெட்டும்போது சதையில் பட்டதற்கும் சரி என்றார். வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவர் சொல்லும் சரியைத்தான் நான் சரி என்று எடுத்துக்கொள்ள முடியும்.

செப்டம்பர் 8, திங்கள்

பெனசீர் அடுத்துத் "தண்ணி", "காப்பி" என்று பட்டியல் வைத்திருந்தாள். அதெல்லாம் அப்புறம், முதலில் "வேண்டாம்" என்று சொல்லக் கற்றுக்கொடு என்றேன். வினோதமாகப் பார்த்தாள். "எல்லாரும் அவங்க பேரச் சொல்லவெக்கச் சொல்லுவாங்க. நீங்க என்ன மேடம் வேண்டாமுங்கறீங்க?" என்றாள். அடுத்த தட்டை எடுத்துப் போட்டேன்.

ஐந்தாம் பக்கத்தில் ராணி தோழிகளை விரட்டும் ஒரு சின்ன வரி உண்டு. க என்று நின்று ச-வில் விழும். "வேண்" மேலே, "டாம்" கீழே.

செப்டம்பர் 9, 10

வேண்டாம் வேண்டாம் வேண்டாம். நானும் பாடுகிறேன், ராணியும் பாடுகிறாள். கேட்டைத் திறந்த பால்காரர் திரும்பிப் போகப் பார்த்தார்.

செப்டம்பர் 11, வியாழன்

வந்துவிட்டது! மதியம் சுரைக்காய்க் கூட்டைத் தட்டில் வைத்தேன். இடது கையால் தொடையில் இரண்டு தட்டுத் தட்டி, க-வில் எடுத்து ச-வில் விட்டார். "வேண்... டாம்."

திருமணமான நாளிலிருந்து இவருக்குச் சுரைக்காய் பிடிக்காது என்று இன்றுதான் எனக்குத் தெரியும். கூட்டை எடுத்துப்போய்க் கொட்டிவிட்டு, சந்தோஷத்தில் அப்பளம் பொரிக்கப் போனேன். எண்ணெய் காய்ந்ததும் அப்பளம் வேண்டாம் என்று எடுத்து வைத்துவிட்டு உருளைக்கிழங்கு வறுத்தேன்.

செப்டம்பர் 13

குளிக்கிறீங்களா? வேண்டாம். நடக்கப் போலாமா? வேண்டாம். மாத்திரை? வேண்டாம். மூன்று மாதம் சரி சொன்னதற்கெல்லாம் சேர்த்து வைத்துப் பாடுகிறார். ஆனால் ஒவ்வொரு தடவையும் தொடையில் தட்டி, சுரம் பிடித்துத்தான் வருகிறது.

பூங்கோதை, "இப்பத்தானுங்க்கா நம்ம அண்ணன் மாதிரி இருக்காரு" என்றாள்.

இன்று அந்தப் பேச்சை எடுக்கலாம் என்று இருந்தேன். அரிசி அரைக்கப் போகவேண்டி வந்துவிட்டது.

செப்டம்பர் 15, திங்கள்

தலையணை உறை எல்லாம் துவைத்தேன். பேச நேரமில்லை.

செப்டம்பர் 16

ஒட்டடை அடித்தேன். கொலுப்பெட்டிகளை இறக்கித் துடைத்தேன். கொலுவுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது.

செப்டம்பர் 18, வியாழன்

பயமாக இருக்கிறது. அவருக்கு வேறு சொல் இல்லாதபோது சொல்லிவிட முடிந்தது. இப்போது வேண்டாம் என்றால், நீ என் பக்கத்தில் இருக்க வேண்டாம் என்றால், நான் என்ன செய்வேன்? சொல்லிக்கொடுத்தவள் நான்தான்.

செப்டம்பர் 19, வெள்ளி

காலையில் தலைக்குக் குளித்து விளக்கேற்றினேன். அவருக்கு முகம் வழித்துவிட்டு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். இந்தத் தடவை முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

"அன்னைக்கு மாடிக் கரண்ட நிறுத்துனது நான்தானுங்க. ஒன்னேகால் மணி நேரம் மேல வந்து பாக்கல. ஏற்கெனவே சொல்லியிருக்கறேன். அப்ப உங்களுக்குச் சரி மட்டுந்தான் வரும். இப்ப வேண்டாமும் வரும். அவசரமில்ல. யோசிச்சுச் சொல்லுங்க. எம் மேல கோபமிருந்தா இருக்கட்டும். ஆனா நான் இங்கயே இருந்துக்கறேனுங்க. சரீங்களா?"

அவருடைய இடது கை தொடையின் மேல் இருந்தது. அது எப்போது தட்டும் என்று அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டவில்லை. என் தலைமேல் வந்து உட்கார்ந்தது. ஈரத் தலை. துண்டு கட்டியிருந்தேன்.

"சரி" என்றார்.

அழுதேன். ஆனாலும் என் புத்தி இருக்கிறதே, அது அழும்போதே கேட்டது: இது பழைய சரியா, புதுச் சரியா? பழக்கத்தில் வந்து விழுந்ததோ என்னவோ. இனி எத்தனை தடவைதான் கேட்பது? முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். வேண்டுதலையாவது முடிப்போம் என்று ஆறாம் பக்கத்தைப் போட்டேன்.

முதலில் நீளக் கழுத்து வீணை மட்டும். ராணிக்கு அழ இனித் தெம்பில்லை, பேசிக்கொண்டிருக்கிறாள். அப்புறம் தூரத்தில் ஒரு முரசு. மரத்தில் செய்த பழைய ஊதுகுழல்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. கரையில் நிற்கிற கூட்டமெல்லாம் ஒரே நேரத்தில் பாட ஆரம்பித்தது. எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, ஆனால் கப்பல் தெரிந்துவிட்டது. சின்னச் சத்தத்தில் கேட்கிற சமாசாரமா இது? நான் போய்ச் சத்தம் கூட்டும் திருகைக் கடைசிவரை திருப்பினேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். முகம் முழுக்கத் தண்ணீர்.

மதில் மேல் பூங்கோதையின் தலை எட்டிப் பார்த்தது. "ஏனுங்க்கா! போன்ல ஒன்னுமே கேக்க மாட்டேங்குது! அந்தச் சத்தத்தக் கொஞ்சம் கொறைங்க்கா!"

பாவம், நியாயம்தானே என்று எழுந்தேன். அவர் இடது கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

"வேண்டாம்" என்றார்.

தொடையில் தட்டவில்லை. சுரமும் இல்லை. எல்லோரும் பேசுகிற மாதிரி சும்மா சொன்னார். நான் உட்கார்ந்துவிட்டேன்.